அலையின் குற்றமா, கருவியின் குற்றமா?

கைப்பேசியில் வைஃபை இணைப்பு தயங்கத் தொடங்கியவுடனே நம்மவர்களுடைய சந்தேகம் முதலில் விழுவது கைப்பேசியின் மீதுதான். கையில் இருப்பது அது. விலை கொடுத்து வாங்கியது அது. கடைக்காரர் இரண்டாண்டு, மூன்றாண்டு என்று காலத்தை நீட்டி எக்ஸ்டெண்டட் வாரண்டி விற்றதும் அதற்கே ஆகையால், நோயும் அதற்குள்ளேதான் இருக்கவேண்டும் என்று மனம் எளிதில் தீர்மானித்துவிடுகிறது. ஆனால் தொலைவிலிருந்து புறப்படும் ஒரு படமோ செய்தியோ நம் கண்ணெதிரே வந்து சேருவதற்குள் நம் வீட்டளவிலேயே நான்கு இடங்களைக் கடந்தாக வேண்டும்: வீதியிலிருந்து உள்ளே நுழையும் கேபிள், அதன் முனையிலுள்ள ரூட்டர், ரூட்டருக்கும் நமக்கும் நடுவிலுள்ள வெளி, கடைசியாகக் கைப்பேசி. இந்நான்கில் வாரண்டிப் பத்திரம் காப்பது நான்காவதை மட்டுமே. ஆதலின் பணம் கொடுத்துப் பாதுகாப்பு வாங்குவது தகுமா, தகாதா என்று கேட்கப் புகுமுன், பழுது எங்கே வாசம் செய்கிறது என்று கண்டறியும் வித்தையைக் கற்றுக்கொள்வது அவசியம் என்பது என் அபிப்பிராயம். அதற்கு விசேஷமான யந்திரங்கள் வேண்டியதில்லை. அலைகளின் சுபாவத்தைப் பற்றிய சிறிது ஞானமும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால் போதும்.

வைஃபை என்பது வானொலி அலையே. 1890-களின் நடுவில் கல்கத்தாவில் ஜகதீச சந்திர போஸ் ஐந்து மில்லிமீட்டர் வரை குறுகிய அலைகளை உண்டாக்கி ஆராய்ந்தார். கண்ணுக்குப் புலனாகாத மின்காந்த அலைகள் இடையிலிருந்த சுவரைக் கடந்து சென்று அப்பாலிருந்த மணியை ஒலிக்கச் செய்வதையும் வெடிமருந்தைப் பற்றவைப்பதையும் பலர் முன்னிலையில் பிரத்தியட்சமாகக் காட்டினார். நம் வீட்டு ரூட்டர் அனுப்பும் அலைகள் அவற்றுக்கு நெருங்கிய உறவுடையவை. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 12.5 சென்டிமீட்டர், 5 கிகாஹெர்ட்ஸ் வரிசையைச் சேர்ந்த அலையின் நீளம் ஐந்து முதல் ஆறு சென்டிமீட்டர். முன்னது செங்கற்சுவரையும் கதவையும் ஓரளவு எளிதாகக் கடந்து தூரம் செல்லும். பின்னது மிகுதியான செய்தியைச் சுமக்க வல்லதாயினும் ஓரிரு சுவர்களைத் தாண்டுவதற்குள் சோர்ந்துபோகும். தண்ணீர் நிரம்பிய பாத்திரமும் மனித உடலும் இரண்டையும் உறிஞ்சும். உலோகமோ எதையும் உள்ளே விடாமல் திருப்பி அனுப்பிவிடும்.

இதை மதுரையில் என் தமக்கையின் வீட்டில் கண்கூடாகக் கண்டேன். அவள் மகள், "மாமா, போன் வாங்கி எட்டு மாசந்தான் ஆச்சு, ரூம்ல வைஃபையே வரல. வாரண்டில மாத்திக் குடுப்பாங்களா?" என்று கேட்டாள். சிக்னலை எண்ணாகக் காட்டும் செயலி ஒன்றைத் திறந்து வைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி நடந்தோம். கூடத்தில், டி.வி.க்குப் பின்னால் ஒளித்து வைக்கப்பட்டிருந்த ரூட்டரின் அருகே, மைனஸ் 48. படுக்கையறை வாசலில் மைனஸ் 63. கட்டிலின் மேல் உட்கார்ந்தபோது மைனஸ் 84. வாசலுக்கும் கட்டிலுக்கும் நடுவே நின்றது ஆளுயரக் கண்ணாடி பதித்த இரும்புப் பீரோ. இந்த எண்கள் டெசிபெல் கணக்கில் அமைந்தவை. பத்து குறைந்தால் சக்தி பத்தில் ஒரு பங்காகும், இருபது குறைந்தால் நூற்றில் ஒரு பங்காகும். மைனஸ் 80 என்றால் ஆன்டெனாவை வந்தடைவது ஒரு வாட்டில் பதினாயிரங் கோடியில் ஒரு பங்கே. அவ்வளவு நுண்ணிய சக்தியிலிருந்தும் ஒரு சொற்றொடரைப் பிரித்தெடுக்கும் கைப்பேசியின் மீதா நாம் குறை கூறுவது? ரூட்டரை டி.வி.யின் முதுகிலிருந்து எடுத்து நடைப்பக்கத்து அலமாரியின் உச்சியில் வைத்ததும் கட்டிலருகே மைனஸ் 66 வந்தது. பீரோவும் நகரவில்லை, கைப்பேசியும் மாறவில்லை.

அலைகள் செல்வதைப் போலவே திரும்பியும் வரவேண்டும் என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. ரூட்டர் மின்சாரத்தை நேரே உண்டு வாழ்வது. கைப்பேசியோ பாட்டரியைச் சிக்கனமாகச் செலவிடவேண்டியது. ஆகையால் அதன் குரல் பெரும்பாலும் மெலிந்தே இருக்கும். தொலைவு மிகும்போது ரூட்டர் பேசுவது கைப்பேசிக்குக் கேட்கும். கைப்பேசி சொல்லும் மறுமொழி ரூட்டருக்குக் கேட்காது. அப்பொழுது திரையில் இரண்டு கோடு சிக்னல் தெரிய, ஒரு பக்கமும் திறக்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும். கோடுகள் சொல்வது ஒருவழிச் செய்தி மட்டுமே என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் இந்த மர்மம் விலகிவிடும்.

அலை நேர்வழியில் மட்டும் வருவதுமில்லை. ரூட்டரிலிருந்து புறப்பட்டது தரையிலும் கூரையிலும் இரும்புச் சாமான்களிலும் பட்டுத் தெறித்து, பல வழிகளில், பல்வேறு கணங்களில் கைப்பேசியை வந்தடைகிறது. ஒன்றின் முகடும் மற்றொன்றின் பள்ளமும் ஒரே புள்ளியில் சந்திக்குமானால் இரண்டும் ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன. அலைநீளத்தில் பாதியளவு, அதாவது 2.4 கிகாஹெர்ட்ஸில் ஆறு சென்டிமீட்டர் அளவு, கைப்பேசியை நகர்த்தினாலே செத்துக்கிடந்த இணைப்பு சில வேளைகளில் உயிர் பெறுவதற்குக் காரணம் இதுதான். 1990-களின் தொடக்கத்தில் இந்த எதிரொலிக் குழப்பமே கம்பியில்லா இணைப்பின் வேகத்துக்குப் பெருந்தடையாக நின்றது. அதை நீக்கியவர்களில் முக்கியமானவர்கள் ஆஸ்திரேலிய அரசின் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. நிறுவனத்தைச் சேர்ந்த ஜான் ஓசல்லிவனும் அவருடைய சகாக்கள் நால்வரும். ஓசல்லிவன் அடிப்படையில் வானொலி வானியல் அறிஞர். சிறுகருந்துளைகள் வெடித்து மறையக்கூடும் என்று ஸ்டீஃபன் ஹாக்கிங் 1974-இல் கூறியதைத் தொடர்ந்து, அத்தகைய வெடிப்பின் வானொலித் துடிப்பை 1970-களின் பிற்பகுதியில் அவர் தேடினார். அண்டவெளியைக் கடந்து வரும் துடிப்பு கலைந்து பரந்துவிடுமாதலால், கலைந்ததை மீண்டும் கூர்மையாக்கும் கணித உபாயங்களில் அவர் தேர்ச்சி பெற வேண்டியிருந்தது. கருந்துளை கிடைக்கவில்லை. ஆனால் சுவரில் பட்டுக் கலையும் அலையைச் சீர்செய்ய அந்தத் தேர்ச்சி உதவிற்று.

அவர்கள் கண்ட வழியின் சூட்சுமம் அழகானது. செய்தியை ஒரே பெருவேகத் தாரையாக அனுப்பினால் முதல் துடிப்பின் எதிரொலி அடங்குமுன் அடுத்த துடிப்பு வந்து மோதும். அதற்குப் பதிலாகச் செய்தியைப் பல மெல்லிய தாரைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் நிதானமாக, ஆனால் எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் அனுப்பினால், வேகமும் குறையாது, மோதலும் நேராது. 1999-இல் வகுக்கப்பட்ட ஒரு வைஃபை விதிமுறையில் இவ்வண்ணம் 48 தாரைகள் செய்தியைச் சுமக்கின்றன; ஒவ்வொரு துடிப்பும் 4 மைக்ரோ விநாடி நீடிக்கிறது; அதில் 0.8 மைக்ரோ விநாடி, எதிரொலிகள் வந்து ஓய்வதற்கென்றே ஒதுக்கப்பட்டிருக்கிறது. அந்த 0.8 மைக்ரோ விநாடியில் அலை 240 மீட்டர் ஓடிவிடும். எந்த வீட்டிலும் எதிரொலி அத்தனை தூரம் சுற்றிக்கொண்டு வருவதில்லை. இந்த முறைக்கு 1996-இல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. அதையொட்டி எழுந்த வழக்குகள் முடிந்தபோது அந்நிறுவனத்துக்கு 40 கோடி ஆஸ்திரேலிய டாலருக்கும் மேற்பட்ட தொகை வந்து சேர்ந்தது. வைஃபையைக் கண்டுபிடித்தவர் இன்னாரொருவரே என்று சொல்வது சரியாகாது; பல தேசத்தார் பல காலம் உழைத்த உழைப்பு அது. எனினும் நட்சத்திரங்களை நோக்கி நடந்த ஒரு தேடல் நம் கூடத்து மூலையில் வந்து பயன்படுவதை எண்ணும்போது, பிரயோஜனம் என்ன என்று கேட்டு அடிப்படை ஆராய்ச்சிக்குப் பணம் மறுப்பவர்களிடம் இக்கதையைச் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது.

அடுக்குமாடி வீடுகளில் இடர்ப்பாடு வேறு விதமானது. 1985-இல் அமெரிக்காவும் பின்னர் மற்ற நாடுகளும் இந்த அலைவரிசைகளை லைசென்ஸ் இன்றி யாரும் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டன, இந்தியாவில் 2.4 கிகாஹெர்ட்ஸ் வரிசைக்கு அந்தச் சுதந்திரம் 2005-இல் கிடைத்தது. யாரும் பயன்படுத்தலாம் என்பதனாலேயே அதில் யாருக்கும் தனியுரிமை கிடையாது. அவ்வரிசையில் 13 சானல்கள் உண்டெனினும், அவற்றின் இடைவெளி 5 மெகாஹெர்ட்ஸே. ஒரு ரூட்டருக்குத் தேவைப்படும் அகலமோ ஏறத்தாழ 20 மெகாஹெர்ட்ஸ். ஆகையால் ஒன்றோடொன்று மோதாமல் இயங்கக்கூடியவை 1, 6, 11 என்ற மூன்றே. ஒரு மாடியில் நான்கு வீடும் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு ரூட்டரும் என்றால் அந்த மூன்றுக்கு எத்தனை போட்டி! ஒவ்வொரு சாதனமும் பேசுமுன் வெளி மௌனமாக இருக்கிறதா என்று கேட்டுப் பார்த்தே பேசவேண்டும் என்பது வைஃபையின் நியதி; ஆகவே சிக்னல் பூரணமாக இருந்தும் வேகம் வராமற்போகிறது. இதே வரிசையில் 2.45 கிகாஹெர்ட்ஸில் இயங்கும் மைக்ரோவேவ் அடுப்பிலிருந்து கசியும் சிறு சக்தியும் அருகிலுள்ள இணைப்பைக் குலைக்கும். மாலை எட்டு மணிக்கு மந்தமாகி விடியற்காலையில் சரியாகிவிடும் வைஃபை உள்ளவர், கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு சர்வீஸ் சென்டருக்கு ஓடுமுன், ரூட்டரில் 5 கிகாஹெர்ட்ஸைப் பயன்படுத்திப் பார்க்கட்டும். அங்கே இடம் தாராளமாக உண்டு.

இனிக் குற்றவாளியைப் பிரித்தறிவது எப்படி? நம் தர்க்க சாஸ்திரிகள் அந்வயம், வியதிரேகம் என்று ஒரு முறையை வகுத்திருக்கிறார்கள்: காரணம் இருக்கும் இடத்தில் காரியமும் இருக்கிறதா, காரணம் இல்லாத இடத்தில் காரியமும் இல்லாமற்போகிறதா என்று இரு புறமும் சோதிப்பது. வைஃபைக்கு அதைவிடச் சிறந்த பரிசோதனை இல்லை. பழுதுடையது என்று கருதும் கைப்பேசியை வேறொரு வீட்டு வைஃபையில் இணைத்துப் பாருங்கள். அதே இடத்தில், அதே நேரத்தில், வேறொரு கைப்பேசியை உங்கள் வைஃபையில் இணைத்துப் பாருங்கள். பிற வீட்டில் முன்னது நன்றாக ஓடி, உங்கள் வீட்டில் பின்னதும் திணறுமானால், கைப்பேசி நிரபராதி. ரூட்டரையோ கேபிளையோ கவனிக்க வேண்டும். எங்கே கொண்டுபோனாலும் ஒரே கைப்பேசி மட்டும் திணறுமானால் குற்றம் அதனுடையது. பிற வீட்டில் நன்றாக ஓடும் கைப்பேசியே உங்கள் வீட்டில் மட்டும் இணைய மறுக்க, மற்றவர்களுடைய கைப்பேசிகள் அங்கே தடையின்றி ஓடுமானால், அவ்விரண்டுக்கும் நடுவிலுள்ள உடன்பாட்டில்தான் ஏதோ பிசகியிருக்கிறது. அந்த வைஃபையைக் கைப்பேசியின் நினைவிலிருந்து நீக்கி, பாஸ்வேர்டைப் புதிதாக இட்டால் பெரும்பாலும் நிவர்த்தியாகும்.

இந்த மூன்றாம் வகையில் சிறு காரணங்கள் பல ஒளிந்திருக்கின்றன. ரூட்டர் தன்னிடமுள்ள முகவரிகளை எல்லாம் பங்கிட்டுக் கொடுத்துவிட்டுப் புதிதாக வருபவருக்குக் கொடுக்க இல்லாமல் நிற்கும். அதை அணைத்துச் சற்று நேரங்கழித்து மீண்டும் போட்டால் பங்கீடு புதிதாகத் தொடங்குவதோடு நெரிசல் குறைந்த சானலையும் அது தேடிக்கொள்ளும். அணைத்துப் போடுவதை அறியாமை என்று சிலர் இகழ்வதில் நியாயமில்லை. எந்த வீட்டுக்குப் போனாலும் தொடரும் சிறு காரணமும் ஒன்று உண்டு: கைப்பேசியின் தேதி தவறாக இருந்தால் இணையதளங்களின் அத்தாட்சிப் பத்திரங்கள் காலாவதியானவையாகத் தோன்றி, வைஃபை இணைந்தும் ஒன்றுமே திறக்காது. 2019-இல் வந்த ஆண்ட்ராய்ட் 10-ம் 2020-இல் வந்த ஐ.ஓ.எஸ். 14-ம் முதற்கொண்டு கைப்பேசிகள் தம் உண்மையான வன்பொருள் முகவரியை மறைத்து, ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு புனைமுகவரியைக் காட்டுகின்றன. நம் அந்தரங்கத்தைக் காக்க எழுந்த இந்த நல்ல ஏற்பாடு, முகவரிகளைப் பதிவு செய்து அனுமதிக்கும் அலுவலகங்களிலும் விடுதிகளிலும் கைப்பேசியை வாசலிலேயே நிறுத்திவிடும். அந்த இடத்துக்கு மட்டும் அந்த ஏற்பாட்டை நிறுத்திவைத்தால் போதும். கடைசி உபாயமாக நெட்வொர்க் அமைப்புகளை மட்டும் ரீசெட் செய்யலாம். சேமித்த வைஃபை பாஸ்வேர்டுகளும் புளூடூத் இணைப்புகளும் அழியுமேயன்றிப் படங்களும் செய்திகளும் அழியா.

இவ்வளவுக்கும் மசியாமல், எங்கும் எப்பொழுதும் திணறும் கைப்பேசிகளும் உண்டு. சென்னை ரிச்சி தெருவில், பழுதுபார்ப்பவர் ஒருவருடைய மேசையருகே நின்று இரண்டைக் கண்டேன். முதலாவது, ரூட்டருக்குப் பக்கத்தில் மட்டும் இணைந்தது. இரண்டு அடி விலகினால் அறுந்தது. "கீழ விழுந்துச்சா சார்?" என்பதே அவர் உரியவரிடம் கேட்ட முதற்கேள்வி. முதுகுப்புறத்தைச் சூடேற்றித் திறந்தபோது, நூலிழை போன்ற ஆன்டெனாக் கம்பியின் முனை, ரவிக்கையில் தைக்கும் பிரஸ் பட்டன் பாதி விலகி நிற்பதுபோல் தன் இடத்தைவிட்டு எழுந்து நின்றது. கிடுக்கியின் நுனியால் அதை அழுத்தினார். மெல்லிய ஒலியோடு பொருந்திற்று. சிக்னல் முழுமையாக வந்துவிட்டது. இரண்டாவதில் வைஃபை பொத்தான் சாம்பல் நிறமாகி, தொட்டாலும் அசையாமல் கிடந்தது, புளூடூத்தும் இயங்கவில்லை. பெரும்பாலான கைப்பேசிகளில் இவ்விரண்டையும் ஆள்வது ஒரே சில்லு ஆகையால், இரண்டும் ஒருங்கே மாண்டால் சந்தேகம் அந்தச் சில்லின் மீதே விழவேண்டும். மைக்ரோஸ்கோப்பின் அடியில், தகர மூடிக்குக் கீழே, சுண்டுவிரல் நகத்தில் பாதி கூட இல்லாத அந்தச் சில்லையும், அதன் வயிற்றிலிருந்து போர்டைப் பற்றும் ஈயமற்ற சால்டர் மணிகளையும் காட்டினார். அந்த சால்டர் உருகுவது சுமார் 217 டிகிரியில். தலைமுடி உலர்த்தும் கருவியால் சூடு காட்டினால் சரியாகிவிடும் என்று பரவியிருக்கும் யோசனையைத் தயவுசெய்து யாரும் பின்பற்றவேண்டாம்: சில்லு அந்தச் சூட்டை எட்டாது, பக்கத்திலுள்ள லித்தியம் பாட்டரிக்கோ அதில் பாதிச் சூடே ஆபத்து.

இந்த இரண்டு கைப்பேசிகளையும் எக்ஸ்டெண்டட் வாரண்டிப் பத்திரத்தின் கண்கொண்டு பார்த்தால்தான் அதன் உண்மை உருவம் தெரியும். முதலாவது, கீழே விழுந்ததனால் வந்த பழுது. சாதாரண வாரண்டியும், அதை அப்படியே நீட்டிக்கும் எக்ஸ்டெண்டட் வாரண்டியும், அதை ஏற்பதில்லை. விழுதல், உடைதல், தண்ணீர் புகுதல் இவற்றுக்கு விபத்துப் பாதுகாப்பு என்ற வேறு திட்டம் வேண்டும். இரண்டாவது, தானாக வந்த பழுதாயின் எக்ஸ்டெண்டட் வாரண்டி அதை ஏற்கும். இரண்டையும் ஒரே பேச்சில் கலந்து விற்கும் கடைக்காரரிடம், "கீழே போட்டால் கொடுப்பீர்களா, அது எந்த வரியில் எழுதியிருக்கிறது?" என்று கேளாமல் கையெழுத்திடுவது கூடாது. தானாக வரும் பழுதுகளோ, எந்திரவியலார் குளியல் தொட்டி வளைகோடு என்று சொல்லும் வடிவத்தில் அமைகின்றன: உற்பத்திக் குறைகள் தொடக்கத்தில் மிகுந்து வெளிப்படும், பிறகு நெடுங்காலம் தாழ்ந்து கிடக்கும், தேய்மானம் வந்தபின் மீண்டும் ஏறும். தொடக்கத்தின் உயரத்தைக் கம்பெனியின் ஓராண்டு வாரண்டி இலவசமாகவே காத்துவிடுகிறது. நாம் பணம் கொடுத்து வாங்கும் இரண்டாம் ஆண்டு, பெரும்பாலும் அந்தத் தாழ்ந்த பகுதியிலேயே விழுகிறது. நிச்சயமாகத் தேய்ந்துபோகும் பாட்டரியையோ பல திட்டங்கள் தேய்மானப் பொருள் என்று விலக்கிவிடுகின்றன.

கணக்கிட்டுப் பார்ப்போம். இரண்டாம் ஆண்டுக்கான எக்ஸ்டெண்டட் வாரண்டியின் விலை 1,500 ரூபாய், போர்டைப் பழுதுபார்க்கும் செலவு 8,000, ஒவ்வொரு முறையும் நாம் கட்டவேண்டிய சேவைக் கட்டணம் 500 என்று வைத்துக்கொள்வோம். பழுது வந்தால் நமக்கு மிச்சமாவது 7,500. இந்தப் பந்தயம் சமமாக இருக்கவேண்டுமானால், ஐந்தில் ஒரு கைப்பேசிக்கு அந்த ஓராண்டில் அத்தகைய பழுது வரவேண்டும். உங்கள் குடும்பத்திலும் அலுவலகத்திலும் உள்ளவர்களை எண்ணிப் பாருங்கள். இரண்டாம் ஆண்டில், விழாமல், நனையாமல், தானாகவே போர்டு கெட்டுப்போனவர் ஐவரில் ஒருவரா? சிறிய சாத்தியத்தைப் பெரிதாக எடைபோடும் மனத்தின் இயல்பை உளவியல் அறிஞர்கள் கானமனும் ட்வர்ஸ்கியும் 1979-இல் விளக்கினார்கள். கடையின் பில் மேசை அந்த இயல்பு மிகவும் வேலை செய்யும் இடம். இங்கிலாந்தில் இவ்வியாபாரத்தை ஆராய்ந்த போட்டி ஆணையம் 2003-இல் அது வாங்குவோருக்குப் பாதகமாக நடப்பதைக் கண்டது. 2005-இல் வந்த ஆணை, வீட்டு மின்சாதனங்களுக்கு வாங்கிய எக்ஸ்டெண்டட் வாரண்டியை 45 நாட்களுக்குள் ரத்துசெய்து முழுப்பணத்தையும் திரும்பப் பெறும் உரிமையை அளித்தது. நம் நாட்டிலும் அப்படியொரு விதி வரவேண்டும் என்று விரும்புகிறேன்.

ஆயினும் கணக்கு ஒன்றே எல்லாருக்கும் தீர்ப்பாகாது. ஒரே நஷ்டம் செல்வனுக்கும் ஏழைக்கும் ஒரே அளவில் வலிப்பதில்லை என்பதைக் கணித அறிஞர் டேனியல் பெர்னூலி 1738-இலேயே எடுத்துரைத்தார். கைப்பேசியைத் தவணையில் வாங்கி, அதன் திரையைப் பார்த்தே வீடுவீடாக உணவு கொண்டுபோய்க் கொடுத்துப் பிழைக்கும் இளைஞருக்கு, அது ஒரு வாரம் நின்றாலும் சம்பாத்தியம் நின்றுவிடுகிறது. மழையிலும் மேட்டுப்பள்ளத்திலும் வண்டியில் குலுங்கும் அவருடைய கைப்பேசிக்கு, தண்ணீரையும் விழுதலையும் ஏற்கும் விபத்துப் பாதுகாப்பு, நிபந்தனைகள் தெளிவாக இருக்குமானால், தகுந்த செலவே. பத்தாயிரம் ரூபாய் அவசரத்துக்கு எடுக்க வகையுள்ள குடும்பத்தாருக்கோ, அந்த 1,500 ரூபாயைப் பத்திரத்துக்குக் கொடாமல் வங்கியில் போட்டு வைப்பதே மேல். வீட்டில் வைஃபை வராமற்போவதற்காக யாரும் எக்ஸ்டெண்டட் வாரண்டி வாங்கவேண்டாம். அந்தப் பணத்தில் ஒரு பங்கு, ரூட்டரைத் தக்க இடத்தில் நிறுத்தக் கேபிள் நீட்டுவதற்குப் போதும்.

இலவசமாகக் கிடைக்கும் முதலாண்டு வாரண்டியைத்தான் நம்மவர்கள் வீணாக்குகிறார்கள். அவ்வப்பொழுது அறுந்து அறுந்து வரும் இணைப்பைப் பொறுத்துக்கொண்டே பதின்மூன்றாம் மாதத்தில் சர்வீஸ் சென்டருக்குப் போனவர்களை நான் அறிவேன். ஆகவே பதினோராம் மாதத்தில் ஒரு நாள், இரண்டு வரிசை வைஃபையிலும், புளூடூத்திலும், வேறொரு வீட்டு ரூட்டரிலும் கைப்பேசியைச் சோதித்துப் பாருங்கள். குறை தோன்றினால், விட்டுவிட்டு வரும் பழுது அவர்கள் மேசையில் தோன்றாமல் மறையக்கூடுமாதலால், அது தோன்றும் வேளையில் தேதியோடு வீடியோ எடுத்து, படங்களையும் எண்களையும் வேறிடத்தில் சேமித்து, வெளியார் எவரையும் திறக்க விடாமல், பில்லோடு கொண்டுபோய்க் கொடுத்து, ஒப்புகைச் சீட்டில் குறையை எழுதச் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள். நியாயமின்றி மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, வழக்குக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள், நீங்கள் வசிக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே புகார் செய்யலாம். பொருளுக்குக் கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய் வரை இருந்தால் அதற்குக் கட்டணம் கிடையாது.